இன்ஜின் பக்கத்து சீட்

கள்ளக்குறிச்சியிலிருந்து காலையில் வெள்ளிமலைக்குக் கிளம்பும் பஸ்ஸில், இன்ஜின் மூடியை ஒட்டினாற்போல் ஒரு நீளச் சீட் உண்டு. பயணிகளைப் பார்த்தபடி, பஸ் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். தொடை வெந்துவிடும் சூடு, காதைப் பிளக்கும் இரைச்சல். வேறு இடம் கிடைக்காதவர்கள்தான் அதில் உட்காருவார்கள். எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் மட்டும், பஸ் காலியாகக் கிடந்தாலும் நேரே அங்கேதான் போவார். பையை மடியில் வைத்துக்கொண்டு மொத்தப் பஸ்ஸையும் பார்த்தபடி வருவார். யாருடைய கண்ணையும் பார்க்க மாட்டார். மூக்குக்குக் கீழே, முகவாய்க்கு மேலே, அந்த இடத்தை மட்டும் பார்ப்பார்.

நான் கணக்கு டீச்சர். மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்த முதல் நாள், அவர் என் வாயைப் பார்த்த பார்வையில், காலையில் தின்ற இட்லிச் சட்னி உதட்டில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மூன்று முறை துடைத்தேன். நான் துடைக்கத் துடைக்க அவர் இன்னும் உற்றுப் பார்த்தார். கைக்குட்டை வாயை மறைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. இரங்கல் செய்தியையும் மழை விடுமுறையையும் ஒரே மாதிரி வாசிப்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். போன் பண்ணினால் எடுக்க மாட்டார், "மெசேஜ் போடுங்க" என்று ஒரு வரி வரும். "பெரிய இவங்க" என்று ஆசிரியர் அறையில் முனகுவோம். அவர் முதுகுக்குப் பின்னால் முனகினால் ஒன்றும் ஆகாது. ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியில், வேப்பமரத்தடியில் நின்று முனகினோம் என்றால், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "பெரிய இவங்களுக்கு ஊறுகாய் இருக்குங்களா டீச்சர்?" என்று அதே தட்டையான குரலில் கேட்பார். எங்களுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பஸ்ஸில் நான் கடைசிக்கு முந்தின சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து அவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், பையத் தூக்கி மடியில வெச்சுக்கங்க."

"இன்னாத்துக்கு?"

"வெச்சுக்கங்க. சொல்றேன்."

எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண்கள் அடுத்த ஸ்டாப்பில் சட்டென்று இறங்கிப் போனார்கள். இறங்கும்போது ஒருத்தியின் கையில் பாதி பிளேடு பளிச்சிட்டது. அத்தனை இரைச்சலில், அத்தனை தூரத்திலிருந்து, அவர்கள் குசுகுசுத்தது இவருக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளைகள் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். தமிழ் டீச்சர் வீட்டில் குறளிப் பேய் வளர்க்கிறார், அது ஊரில் இருப்பவர் வாயில் புகுந்து புறப்பட்டு வந்து அவரிடம் ஒப்பிக்கிறது என்றார்கள். நான் சிரித்தேன். ஆனாலும் அன்றிலிருந்து பஸ்ஸில் வீட்டுக் கதை பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

குறளிக் கதையைப் பிள்ளைகள் நம்பியதற்கு அவருடைய வாசிப்பு வகுப்பும் ஒரு காரணம். ஒருநாள் சாக்பீஸ் வாங்க அந்தப் பக்கம் போனேன். பத்தாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு செய்யுள் படிக்கிறார்கள். நாற்பது வாயும் அசைகிறது. சத்தம் மட்டும் இல்லை, சத்தமாகப் படி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லையாம். மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் கேட்கிறது. டீச்சர் கரும்பலகை ஓரத்தில் சுவரில் முதுகு சாய்த்து நின்று பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வருகிறார்.

"மூணாவது பெஞ்சு, ஓரத்துல. ஒரு வரி வுட்டுட்ட. மறுபடி படி."

அந்தப் பையன் முகம் வெளுத்து முதலிலிருந்து தொடங்கினான். சாக்பீஸ் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

உண்மை எனக்குத் தெரிந்தது ஒரு பலாப்பழத்தால். அந்த வகுப்பறைக்கு மேலே ஒரு பலாமரம் சாய்ந்து நிற்கும். கூரை சிமென்ட் ஷீட். ஒரு ஆனி மாத மதியம், ஆள் கனத்துக்கு ஒரு பழம் காம்பறுந்து ஷீட்டின் மேல் விழுந்தது. அடுத்த கட்டடத்தில் இருந்த நான் பதறிப்போய் ஓடி வந்தேன். பிள்ளைகள் அலறிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்திருந்தார்கள். ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் எங்களுக்கு முதுகு காட்டி, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லை எழுதி முடித்து, அடுத்த சொல்லைத் தொடங்கினார். ஷீட்டிலிருந்து உதிர்ந்த தூசு அவர் தோளில் படிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பன்னெண்டு வயசுல. காய்ச்சல் வந்து பத்து நாள் கெடந்தேன். எழுந்து பார்த்தா வூடு அமைதியா இருக்குது. யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சிக்கினு ஒவ்வொருத்தரா எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தாங்க."

"வேலைக்குச் சேரும்போது டாக்டர் பார்க்கலையா?"

"பார்த்தாரு. நல்ல மனுசன், என் மூஞ்சியப் பார்த்து கேள்வி கேட்டாரு. தலையக் குனிஞ்சிக்கினு கேட்டிருந்தாருன்னா நான் இந்நேரம் வூட்டுல சும்மா கெடந்திருப்பேன்." என் வாயைப் பார்த்தபடி சொன்னார். "காது கேக்காதுன்னு சொன்னா தமிழ் சொல்லித்தர வுடுவாங்களா டீச்சர்? தையல் கத்துக்கன்னு அனுப்புவாங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். காப்பாற்றியதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

பூங்கொடி என்ற பெண் இந்த இடத்தில்தான் வருகிறாள். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம், பஸ் போகாத ஊரிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்து விடுதியில் சேர்ந்தவள். முதல் நாள் எழுந்து நின்று பேர் சொன்னபோது அவளுடைய மலைப் பேச்சின் இழுப்பைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். அத்தோடு சரி. பிறகு பள்ளியில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. எழுத்து அழகாக இருக்கும், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பரீட்சையில் பாதித் தாள் வெள்ளையாகவே வரும். நாங்கள் அவளை ஊமை என்றோம். பிறகு அதையும் விட்டு, "அது ஒரு மாதிரி" என்றோம். நானும்தான் சொன்னேன்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் நான் அப்படிச் சொன்னதைத் தமிழ் டீச்சர் பார்த்துவிட்டார்.

"யாரு, பூங்கொடியா? அவளுக்கு வாய் ஓயாதுங்களே டீச்சர். கணீர்னு பேசுவா. அவங்க அப்பா மரவள்ளி நட்டது, கரடி வந்து பலாப்பழம் தின்னுட்டுப் போனது, ஒண்ணு வுடாம சொல்லுவா. நீங்க யாரும் அவகிட்ட பேசறதில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள், தமிழ் டீச்சருக்குக் கிண்டல்கூட வருமா என்று. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு அந்தப் பெண் மற்ற எல்லோரையும் போலத்தான். எல்லோர் வாயிலிருந்தும் வருவது அவள் வாயிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. அவளிடம் இல்லாத ஒன்று, அவரைப் பொறுத்தவரை உலகத்தில் யாரிடமும் இல்லை.

அதன் பிறகு நான் அவர்களை வேவு பார்க்கத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பூங்கொடியின் உதடுகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். மூச்சுக் காற்றின் சத்தம்கூட வராது. டீச்சர் நடுவே, "அப்புறம்?" என்பார். "அய்யய்யோ, நீ இன்னா பண்ண?" என்பார். பிறகு இருவரும் சிரிப்பார்கள். ஒரு சிரிப்பு மட்டும் கேட்கும். தூணுக்குப் பின்னால் நின்று அந்த ஒற்றைச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுக்குச் சத்தம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் காது இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாம் தெரிந்தவளாக இருப்பதில் ஒரு ருசி இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும் என்று தலைமையாசிரியர் கங்கணம் கட்டிக்கொண்டார். தேறாது என்று தோன்றிய ஏழு பிள்ளைகளைப் பொறுக்கினார். ஏழில் ஆறு பேர் மலைப் பிள்ளைகள். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பூங்கொடியும் அதில் ஒருத்தி. மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போய்க் கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டால், அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆசிரியர் கிடைப்பார். எழுதுகிறவருக்கு விடை தெரியாமலா இருக்கும்? கூட்டிப்போகிற பொறுப்பு என்னுடையது.

முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்லவர்தான், அவசரத்தில் இருந்தார். தலையைக் குனிந்து படிவத்தில் எழுதியபடியே பூங்கொடியைக் கேட்டார். இன்று என்ன கிழமை, உங்கள் ஊருக்கு எப்படிப் போக வேண்டும், வீட்டில் ஃபிரிட்ஜ் எதற்குப் பயன்படும். ஒவ்வொன்றுக்கும் அவள் உதடு அசைந்தது. அவர் நிமிரவே இல்லை. "பதில் இல்லை" என்று மூன்று முறை எழுதினார். ஊருக்கு எப்படிப் போவது என்பதற்கு மட்டும் அவள் உதடு ரொம்ப நேரம் அசைந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். "சார், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சான்றிதழை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முன் தலைமையாசிரியர் ஏழு பிள்ளைகளையும் கூப்பிட்டு, "எழுதறவங்க எழுதுவாங்க. நீங்க பாட்டுக்கு இன்னாத்தையாவது சத்தமா சொல்லிக்கினே இருக்கணும், சும்மா மட்டும் இருந்துடாதீங்க" என்றார். கொரோனா முழுசாக ஓயாமல், பொதுத் தேர்வு மறுபடி தொடங்கிய வருடம் அது. வெளியிலிருந்து எழுதவும் கண்காணிக்கவும் வர வேண்டியவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்ததால் எங்கள் ஆட்களையே போட்டார்கள். பூங்கொடிக்குத் தமிழ் டீச்சர் எழுதுவது என்று முடிவாயிற்று.

"அவ சொல்றத எழுதறேன் சார். அதுக்கு மேல ஒரு எழுத்து எழுத மாட்டேன்," என்றார் டீச்சர்.

தலைமையாசிரியர் சிரித்தார். "அவ சொன்னா எழுதுங்க."

சமூக அறிவியல் தேர்வு. ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையில் அவர்கள் இருவரும். கண்காணிப்பாளர் நான். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் ஒழுங்காக மாஸ்க் போட்டதில்லை, ஆனால் தேர்வறையில் எல்லோரும் போட வேண்டும் என்று உத்தரவு. டீச்சர் கேள்வியை வாசித்தார். பூங்கொடி பதில் சொல்லத் தொடங்கினாள். எப்படித் தெரியும் என்றால், அவள் முகத்தில் இருந்த நீலத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. உள்ளே போய் வெளியே வந்தது. அவ்வளவுதான். அறையில் வேறு ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் பேனாவைப் பிடித்தபடி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மறுபடி சொல்லு."

துணி மறுபடி அசைந்தது.

"இன்னொரு தபா சொல்லும்மா."

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. அப்படி ஒரு பயத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. விடை அவருக்கே தெரியும். எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எழுதவில்லை. எழுந்து போய், அந்தப் பெண்ணின் மாஸ்க்கைத் தன் கையாலேயே முகவாய்க்குக் கீழே இறக்கிவிட்டார்.

அதன் பிறகு பேனா நிற்கவில்லை. அவள் உதடு ஓடியது, அவர் கை கூடவே ஓடியது. பக்கத்து அறையில் ஒருவன் பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான், அவனுக்கு எழுதுகிறவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் டீச்சரின் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தேன். அணைகளின் பயன் பற்றிய விடை. நடுவில், கோமுகி அணை நிரம்பினால் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் எதெதில் தண்ணீர் எதிர்த்து ஏறும் என்று நாலு வரி இருந்தது. புத்தகத்தில் கோமுகி அணை கிடையாது. டீச்சருக்கு ஓடைகளின் பேரும் தெரியாது.

பறக்கும் படை அப்போதுதான் வந்தது. மூன்று பேர், மூவர் முகத்திலும் மாஸ்க். காலடிச் சத்தம் கேட்டதும் நான் என் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டேன். வாசலில் நின்று இரண்டு நிமிடம் பார்த்தார்கள். அசைகிற வாய், ஓடுகிற பேனா, சத்தமில்லாத அறை.

"இன்னா மேடம், பொண்ணு சும்மா வாய அசைக்குது, நீங்க பாட்டுக்கு எழுதிக்கினு இருக்கீங்க?"

டீச்சர் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எழுதிக்கொண்டே இருந்தார். அதிகாரி இரண்டாம் முறை குரலை உயர்த்தினார். அவர் ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போனார். அதிகாரி உள்ளே வந்து தாளைப் பிடுங்கினார்.

டீச்சர் எழுந்து நின்றார். ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு அவர் பார்வை அலைந்தது. மூன்று துணிகளும் மாறி மாறி உப்பின. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மாஸ்க்க எடுத்துட்டுப் பேசுங்க சார்," என்றார், அந்தத் தட்டைக் குரலில்.

அதிகாரிக்கு அது திமிராகப் பட்டது. என் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கயேதானே இருக்கீங்க. இந்தப் பொண்ணு ஒரு வார்த்தையாவது பேசிச்சா?"

பூங்கொடி என்னைப் பார்த்தாள். அவள் உதடு வேகமாக அசைந்தது. தாளில் இருந்த கோமுகி அணை வரிகளைக் காட்டியிருக்கலாம். டீச்சருக்குக் காது கேட்காது என்று சொல்லியிருக்கலாம், அதற்கு ஒரு வாக்கு குறுக்கே நின்றது. பூங்கொடிக்குக் கற்றல் குறைபாடே இல்லை என்று சொல்லியிருக்கலாம், அதற்கு நான் வாங்கி வந்த ஏழு சான்றிதழ்கள் குறுக்கே நின்றன. என் வேலை என் கண் முன்னால் வந்து நின்றது. மாஸ்க்குக்குள் இருந்தபடி நான் சொன்னேன்.

"சத்தம் வரலைங்க சார்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பூங்கொடியின் தாள் ரத்தானது. மற்ற ஆறு பேரும் பாஸ். தேர்ச்சி நூற்றுக்கு நூறு ஆகவில்லையே என்று தலைமையாசிரியர் ஒரு வாரம் வருத்தப்பட்டார்.

விசாரணைக்கு முன்னாலேயே டீச்சர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சாமான்களை எடுத்துப் போக வந்த அன்று, திரும்பும் பஸ்ஸில் அதே சீட்டில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, என் வாயைப் பார்த்தார்.

"அன்னிக்கு அவரு உங்ககிட்ட இன்னாவோ கேட்டாரே. நீங்க இன்னா சொன்னீங்க டீச்சர்?"

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ சத்தமாத்தானே சொன்னா? நீங்க கேட்டீங்க இல்ல?"

"கேட்டேன் டீச்சர். கணீர்னு சொன்னா. அதைத்தான் அவர்கிட்டயும் சொன்னேன்."

இன்ஜின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் ரொம்ப நேரம் என் உதட்டையே பார்த்தார்.

"பொய் சொல்றப்ப உங்க கீழுதடு உள்ள போவுதுங்க," என்றார். "ஆறு வருசமா பாக்கறேன்."

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வழியில் வரும் கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். முகாமைச் சொன்னேன், சான்றிதழைச் சொன்னேன், அந்தப் பெண்ணுக்குச் சத்தம் வராது என்பதையும் சொன்னேன், அழுதேன். அவர் வெளியே மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திருக்கோவிலூர்ப் பக்கம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அனுப்பிய மெசேஜ்கள் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன.

இப்போது அந்த இன்ஜின் பக்கத்து சீட்டில் நான்தான் உட்காருகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போன வாரம் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில், கடைசிச் சீட்டில், மடியில் ஒரு மூட்டையோடு பூங்கொடி இருந்தாள். வளர்ந்துவிட்டாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, அங்கிருந்தபடியே பேசத் தொடங்கினாள். உதடுகள் நிற்காமல் ஓடின. நான் உற்று உற்றுப் பார்த்தேன். டீச்சர் என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அது நானா, அவரா என்பதுகூடத் தெரியவில்லை.

மறுபடி சொல் என்று கையைக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. மூட்டையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, முதலிலிருந்து தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, மந்தமான பிள்ளைக்குச் சொல்லித் தருவது போல.